புதன்கிழமை மூன்று மணி நேரம்

மாலை நாலு மணியானால் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் கதவண்டை வந்து நின்றுவிடுவார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ஒரு சீப்பு, பழைய ரேஷன் கார்டு உறை, நாலாக மடித்த ஒரு துண்டு.

“நேரமாயிடுச்சு. நான் வீட்டுக்குப் போவணும்.”

“இதுதான் அத்தே உங்க வீடு.”

“இது உங்க வீடும்மா. எங்கம்மா தேடுவாங்க. கதவைத் தொற.”

அம்மாவுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் சிந்தாதிரிப்பேட்டைதான். 1734-ல், மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கூவம் வளைந்து போகும் இடத்தில் நெசவாளர்களைக் குடிவைத்து உண்டாக்கிய பேட்டை இது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் இப்படி மருவியது என்பார்கள். தறிகள் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சந்துகள் மட்டும் இன்னும் குறுகலாகவே இருக்கின்றன. அம்மா பிறந்த வீடு எங்கள் வாசலில் நின்றால் தெரியும். இப்போது அது ஒரு குடோன். 78 வருஷத்தில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இந்தப் பேட்டையை விட்டு வெளியே தங்காத ஒருவர், தினமும் நாலு மணிக்குத் தன் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

கேட்பது அம்மா, பதில் சொல்வது அண்ணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கேள்வி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்தில் 41 முறை. நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அண்ணி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக எங்கள் குடும்பத்தின் ஏற்பாடே அதுதான். அண்ணன் வேலைக்குப் போய்விடுவார். தங்கை கோயம்புத்தூரில். நான் தாம்பரத்திலிருந்து வாரம் ஒருமுறை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வருவேன். கிளம்பும்போது எல்லோரும் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “அண்ணி மாதிரி பொறுமை யாருக்கும் வராது.”

போன வருஷம் தோசைக்கல்லில் பட்டு அண்ணியின் முன்கையில் ஒரு சின்னக் காயம். பத்து நாளில் ஆற வேண்டியது, ஒரு மாதம் தாண்டியும் ஈரமாகவே இருந்தது. சர்க்கரையாக இருக்குமோ என்று பயந்து ரத்தப் பரிசோதனை செய்தோம். சர்க்கரை இல்லை. “தூங்கறீங்களா?” என்று கேட்டார் டாக்டர். அண்ணி பதில் சொல்லவில்லை, அழுதார். அதுவரை நாங்கள் யாரும் அவர் அழுது பார்த்ததில்லை.

அந்த ஒரு காயம் ஆறாததற்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பாரம்தான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அப்படி நடக்கும் என்பது அறிவியலுக்குத் தெரிந்த விஷயம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1995-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள் ஒரு பக்கம். அதே வயது, ஏறக்குறைய அதே வருமானம், ஆனால் அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாத 13 பெண்கள் மறுபக்கம். எல்லோருடைய முன்கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே மாதிரி ஒரு சின்னக் காயத்தை உண்டாக்கினார்கள். பிறகு அதைப் படம் பிடித்தும், ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைக்கிறதா என்று பார்த்தும் கண்காணித்தார்கள். நுரை நின்றால் தோல் மூடிவிட்டது என்று கணக்கு. பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. பார்த்துக்கொள்பவர்களுக்கு 48 நாள் தாண்டியது. ஒரே அளவுக் காயம், 9 நாள் வித்தியாசம்.

காயம் பட்டதும் முதல் சில நாட்களில் வெள்ளை அணுக்கள் இன்டர்லூக்கின் போன்ற சேதி மூலக்கூறுகளை வெளியிட்டு, பழுது பார்க்கும் செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்க வேண்டும். நாள்பட்ட மன அழுத்தத்தில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் அந்தச் சேதியை அமுக்கிவிடுகின்றன. அந்த 13 பெண்களின் ரத்த அணுக்களைத் தூண்டிப் பார்த்தபோது, இன்டர்லூக்கின்-1 பீட்டாவுக்கான எம்.ஆர்.என்.ஏ. உற்பத்தி மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ‘மனசு கஷ்டம்’ என்று நாம் ஒதுக்கி வைப்பது தோலின் அடியில், அளந்து பார்க்கக்கூடிய ஒரு பொருளாக இருக்கிறது.

நாலு வருஷம் கழித்து, 1999-ல், ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் இன்னும் கடுமையான ஒரு செய்தியைச் சொன்னார்கள். நோயுற்ற கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு, அதைப் பாரமாக உணர்ந்த முதியவர்கள், நாலு வருஷத்துக்குள் இறந்துபோகும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். அதே ஆய்வில் பாரமாக உணராமல் பார்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தெளிவாகத் தெரியவில்லை. எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். பார்த்துக்கொள்வது ஆளைக் கொல்வதில்லை. பார்த்துக்கொள்ளும்போது ஏறும் பாரம்தான் ஆபத்து. அப்படியானால் அந்தப் பாரம் எதனால் ஆனது, எதை எடுத்தால் குறையும் என்று கேட்க முடியும். எங்கள் வீட்டில் நாலு வருஷம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பொறுமை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம்.

பாரத்தின் ஒரு பகுதி, நோயாளி செய்வதை வீம்பு என்றோ வேண்டுமென்றே செய்வது என்றோ எடுத்துக்கொள்வதிலிருந்து வருகிறது. அம்மாவுக்கு வந்திருக்கும் அல்சைமர் நோய் பெரும்பாலும் மூளையின் ஹிப்போகேம்பஸ், அதை ஒட்டிய பகுதிகளில் ஆரம்பத்திலேயே கைவைக்கிறது. புதிதாகக் கேட்டதைப் பதிந்து வைக்கும் இடம் அது. “இதுதான் அத்தே உங்க வீடு” என்ற பதில் அம்மாவின் காதில் விழுகிறது, புரியவும் செய்கிறது. ஆனால் எங்கேயும் ஒட்டவில்லை. அடுத்த முறை அவர் கேட்பது அவரைப் பொறுத்தவரை முதல் முறை. 41 முறையும் முதல் முறைதான். பழைய நினைவுகள் மூளை முழுக்கப் பரவி வேரோடியிருப்பதால் தாமதமாகத்தான் போகும். அதனால்தான் 8 வயதில் இருந்த வீடு நிற்கிறது, 50 வருஷம் சமைத்த வீடு கரைகிறது.

திருட்டுப் பழி இன்னும் கொடுமை. “என் வளையலை இவதான் எடுத்தா” என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்ன நாளில், அண்ணி இரவு சாப்பிடவில்லை. வளையலை அரிசி டின்னுக்குள் வைத்தது அம்மாதான். வைத்த ஞாபகம் இல்லை. வளையல் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. காரணம் இல்லாத வெற்றிடத்தை மூளை சும்மா விடாது, கைக்கு எட்டிய ஒரு கதையைப் போட்டு நிரப்பிவிடும். வீட்டில் எப்போதும் கண்ணில் படுகிற ஆள் யாரோ, அவர்தான் அந்தக் கதையில் திருடர். அதிகமாகப் பார்த்துக்கொள்கிறவர் மீதே அதிகமாகப் பழி விழுவது இதனால்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகும் வலிக்கும். ஆனாலும் அந்த வலி வேறு மாதிரியானது என்று அண்ணியே ஒருமுறை சொன்னார்.

நாலு மணிக்கும் காரணம் உண்டு. பகல் எது, இரவு எது என்று உடம்புக்கு நேரம் சொல்லும் செல் கூட்டம் ஹைப்போதலாமஸில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே இருக்கிறது. அல்சைமர் நோயில் அந்தச் செல்களும் குறைகின்றன. சாயங்காலம் உடம்பு அசந்திருக்கும், வெளிச்சம் மங்கும், நிழல்கள் நீளும். இந்தச் சந்துகளில் எதிர் வீட்டு மாடி மறைத்துக்கொள்வதால் மூன்றரைக்கே கூடம் இருட்டிவிடும். குழம்பிப்போன மூளைக்கு அந்த இருட்டு அந்நிய வீடாகத் தெரிகிறது. மூன்று மணிக்கே எல்லா டியூப் லைட்டையும் போட்டுவிடுவது, காலையில் அரை மணி நேரம் மொட்டை மாடி வெயிலில் உட்கார வைப்பது, மதியத் தூக்கத்தைச் சுருக்குவது என்று மாற்றினோம். கேள்வி நிற்கவில்லை, ஆனால் கதவண்டை நிற்கும் நேரம் குறைந்தது.

திடீரென்று ஒரே நாளில் நிலைமை மோசமானால் அதை நோயின் கணக்கில் எழுதக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, எங்கோ ஒரு வலி, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று காரணம் வேறாக இருக்கும். சொல்லத் தெரியாதவர் கத்துகிறார், அவ்வளவுதான். உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதேபோல் மறதி தொடங்கும்போதே தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உறைந்த ரத்தம் இவை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இவை சரிசெய்யக் கூடியவை. “வயசானா மறதி வரத்தான் செய்யும்” என்று நாங்கள் இரண்டு வருஷம் சும்மா இருந்தோம். இன்னொரு விஷயம்: கத்துகிறார் என்று தூக்க மாத்திரையும் மனநோய் மாத்திரையும் கேட்டு வாங்கிப் போடுவது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்துவிட்டது. டாக்டர் யோசித்துத் தரும் குறைந்த அளவு, குறைந்த காலம் என்பது வேறு. வீட்டிலேயே அளவைக் கூட்டிக்கொள்வது வேறு.

அம்மாவிடம் இல்லாதது ஞாபகம்தான், உணர்ச்சி அல்ல. அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 2014-ல் வெளியான ஒரு சோதனையில், அல்சைமர் நோயுள்ள 17 பேருக்குச் சோகமான திரைப்படத் துண்டுகளையும் சந்தோஷமான துண்டுகளையும் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தது பெரும்பாலும் மறந்துபோயிற்று. உணர்ச்சி மட்டும் அரை மணி நேரம் வரை நின்றது. எவ்வளவு குறைவாக ஞாபகம் வைத்திருந்தார்களோ அவ்வளவு அதிகமாகச் சோகம் நீடித்தது. அதட்டிய வார்த்தை ஒரு நிமிஷத்தில் போய்விடும், அதட்டல் உண்டாக்கிய பயம் மாலை முழுக்க இருக்கும், அந்தப் பயம் இன்னும் நாற்பது கேள்வியாகத் திரும்பி வரும். இதைப் படித்த பிறகு அண்ணி ஒரே ஒரு பதிலை மாற்றினார்.

“நான் வீட்டுக்குப் போவணும்.”

“போலாம் அத்தே. உங்க வீட்ல கிணறு எந்தப் பக்கம் இருந்துது?”

அம்மா உட்கார்ந்தார். கிணறு, கிணற்றடியில் இருந்த முருங்கை மரம், மீன் மார்க்கெட் போய்விட்டு வரும் ஆயா என்று இருபது நிமிஷம் பேசினார். தினமும் இப்படி நடப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் நடக்கிறது.

இதெல்லாம் பார்த்துக்கொள்பவருக்கு யாராவது சொல்லித் தர வேண்டியவை. சொல்லித் தர மனநல டாக்டரே வேண்டும் என்று இல்லை. கோவாவில் அமித் டயஸ், விக்ரம் படேல் குழுவினர் 2008-ல் அதைச் செய்து காட்டினார்கள். உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்து, டிமென்ஷியா உள்ள வீடுகளுக்குக் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்பினார்கள். 81 குடும்பங்கள், 6 மாதம். நோயைப் பற்றிச் சொல்வது, குளிப்பாட்டுவது போன்ற அன்றாடச் சண்டைகளுக்கு வழி சொல்வது, கிடைக்கக்கூடிய அரசு உதவிக்கு எழுதிக் கொடுப்பது, சும்மா உட்கார்ந்து கேட்பது. முடிவில் பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தெளிவாக முன்னேறியது. நோயாளியின் நடத்தையால் அவர்கள் படும் வேதனையும் குறைந்தது. மற்ற அளவுகோல்களில் மாற்றம் புள்ளியியல் உறுதி பெறும் அளவுக்கு இல்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. புரிதல் மனசின் பாரத்தைக் குறைக்கும். துவைக்க வேண்டிய பெட்ஷீட்டைக் குறைக்காது.

பெட்ஷீட்டுக்கு ஆள் வேண்டும். இந்த இடத்தில்தான் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மேரி மிட்டல்மன் நடத்திய நீண்ட ஆய்வு எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்ட 406 பேர். ஒரு பாதிப் பேருக்கு 6 ஆலோசனைச் சந்திப்புகள். அந்த ஆறில் இரண்டுதான் பார்த்துக்கொள்பவருக்குத் தனியாக. மீதி நாலும் குடும்பத்தோடு: பிள்ளைகள், அக்கா தங்கைகள், யார் இருக்கிறார்களோ அவர்களை உட்கார வைத்து, யார் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று பேசினார்கள். அதற்கப்புறம் எப்போது வேண்டுமானாலும் போன் செய்து பேசலாம். 2006-ல் வந்த முடிவின்படி, இந்த உதவி கிடைத்த குடும்பங்கள் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நாளை இடைநிலை அளவில் 557 நாள் தள்ளிப்போட முடிந்தது. ஒன்றரை வருஷம். எந்த மாத்திரையும் இல்லாமல். அந்தப் பலனில் பெரும்பகுதி மூன்று காரணங்களால் வந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சுற்றியுள்ளவர்களின் துணை போதும் என்ற திருப்தி, நோயாளியின் நடத்தையைப் பார்த்துப் பதறாமை, மனச்சோர்வு குறைவு.

நம் ஊரில் கூட்டுக் குடும்பம் இருக்கிறது, அவர்களுக்குத்தான் இதெல்லாம் தேவை என்று சொல்லிக்கொள்வோம். எங்களுடையதும் கூட்டுக் குடும்பம்தான். போட்டோவில் 14 பேர் நிற்கிறோம். ராத்திரி 2 மணிக்கு அம்மாவுக்குத் துணி மாற்றுவது ஒருவர். உலகம் முழுக்கவே இந்தப் பொறுப்பில் 70 சதவீத நேரத்தைத் தருவது பெண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. 88 லட்சம் நோயாளிகள் என்றால் குறைந்தது 88 லட்சம் அண்ணிகள் என்றுதான் நான் படிக்கிறேன்.

சென்னை இந்த விஷயத்தில் வெறும் கையோடு இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டுக்கே முன்னோடி அது. 1998-ல் கொச்சியில் ‘10/66’ என்ற ஆய்வுக் குழு உருவானது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்ற ஆதங்கம்தான் அந்தப் பெயர். அந்தக் குழு வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த இடங்களில் சென்னையும் ஒன்று. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் அண்ணா நகரில் டிமென்ஷியாவுக்கென்றே ‘டெம்கேர்ஸ்’ என்ற பிரிவை நடத்துகிறது. லண்டனில் உருவான ஒரு குழுப் பயிற்சியை, வாரம் இரண்டு முறையாக ஏழு வாரத்துக்கு 14 அமர்வுகள், நம் ஊர் முதியவர்களுக்கு ஏற்றபடி மாற்றிச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான தேசிய மையம் 2024-ல் திறக்கப்பட்டது. பேச ஆள் வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567, பார்த்துக்கொள்பவரின் மனசுக்கு டெலி மானஸ் 14416.

இருந்தும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அம்மாவைக் காலை பத்து மணிக்கு விட்டு மாலை நாலு மணிக்குக் கூட்டி வர, நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம் இல்லை. முதியவர்கள் பகலில் வந்திருந்து போக 25 ‘அன்புச்சோலை’ மையங்களைத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. நல்ல தொடக்கம். டிமென்ஷியா தெரிந்த ஆட்களோடு அப்படி ஓர் இடம் வார்டுக்கு ஒன்று வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுப் படியேறி வரும் பெண்களுக்கு, கோவாவில் கொடுத்த அந்த ஒரு வாரப் பயிற்சியைக் கொடுத்தால் என்ன? வீட்டில் பார்த்துக்கொள்பவரிடம் “நீங்க தூங்கறீங்களா?” என்று கேட்கவும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். அரசு இதைச் செய்ய வேண்டும் என்று கேட்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அதுவரை காத்திருக்க எங்களுக்கு முகம் இல்லை. தீபாவளிக்கு எல்லோரும் கூடியபோது, ஸ்டீவன் சாரிட் 1980-ல் வகுத்த பாரம் அளக்கும் கேள்வித்தாளின் 22 கேள்விப் பதிப்பை அண்ணியிடம் கொடுத்தேன். உனக்கென்று நேரம் இருக்கிறதா, உடம்பு கெட்டுப்போனதா, செய்வது போதவில்லை என்று தோன்றுகிறதா என்று போகும் கேள்விகள். அண்ணி எண்களைப் போட்டார். கூட்டிப் பார்த்தோம். அதிகபட்சம் 88. அண்ணியுடையது 61. கடுமையான பாரம் என்று அந்தத் தாளே சொல்லும் இடம். அண்ணன் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பொறுமையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினோம். செவ்வாய், வெள்ளி ராத்திரி அண்ணன் அம்மா அறையில் படுப்பது. தங்கை மாதம் நாலு நாள் வந்து தங்குவது. வர முடியாத மாதம் பகல் நேரத்துக்கு ஆயா வைக்கப் பணம் அனுப்புவது. தினமும் சாயங்காலம் தங்கை வீடியோ காலில் அம்மாவோடு பேசுவது, அந்த அரை மணி அண்ணி மாடிக்குப் போய்விடுவது. புதன்கிழமை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை நான். ஆபீஸில் கேட்டு அரை நாள் மாற்றிக்கொண்டேன். நாலு மணிக்குக் கதவண்டை நிற்பது இனி நான்.

முதல் புதன்கிழமை அண்ணி எங்கே போவதென்று தெரியாமல் கீழ் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டு அரை மணியில் திரும்பி வந்துவிட்டார். இரண்டாவது வாரம் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி மயிலாப்பூர் போனார். மூன்று முறை போன் செய்தார்: தண்ணி குடிச்சாங்களா, பாத்ரூம் போனாங்களா, கேஸ் மூடியிருக்கா.

ஐந்தாவது வாரம் போனே வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு அவசர அவசரமாகப் படியேறி வந்தார். முகத்தில் ஒரு பக்கம் கல் பதிந்த தடம்.

“கபாலி கோயில் பிரகாரத்துல செத்த உக்காந்தேன் தம்பி. தூங்கிட்டேன் போல. ஒரு அம்மாதான் எழுப்புனாங்க.” செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்தார். “அத்தே கேட்டாங்களா?”

“கேட்டாங்க அண்ணி. கிணறு வலது பக்கமாம்.”